ராத்திரி எட்டு மணி ஓவர்

தைராய்டு ஆபரேஷன் முடிந்து மதியம் வார்டுக்கு வந்த ஒரு பெண். இரவு 8 மணிக்கு ஷிஃப்ட் மாறும்போது பகல் சிஸ்டர் அவரை இரவு சிஸ்டரிடம் இப்படி ஒப்படைக்கிறார், எங்கள் பேச்சில் 'ஓவர்' கொடுக்கிறார்: "பெட் 12, டோட்டல் தைராய்டு. ஒரு மணிக்கு ஓ.டி.லேர்ந்து வந்தாங்க. வைட்டல்ஸ் ஸ்டேபிள். ஐ.வி. போயிட்டிருக்கு. ஆன்டிபயாட்டிக் குடுத்தாச்சு. டிரெயின் முப்பது எம்.எல். தண்ணி குடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வேற ஒண்ணும் இல்ல."

எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அந்த "வேற ஒண்ணும் இல்ல"தான் எனக்குப் பயம் தரும். தைராய்டு எடுத்த கழுத்துக்குள் ரத்தம் கசிந்தால் அது மூச்சுக்குழாயை நெரிக்கும். பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதல் சில மணி நேரத்தில்தான் இது நடக்கும். கழுத்து இறுகுகிறது என்பார், குரல் மாறும், நேராகப் படுக்க முடியாமல் எழுந்து உட்காரப் பார்ப்பார். டிரெயினில், அதாவது காயத்துக்குள்ளிருந்து ரத்தத்தை வெளியே எடுக்கும் குழாயில், ரத்தம் அதிகம் வரவில்லை என்பதை நம்பவே கூடாது. உள்ளே ரத்தம் கட்டியாகி டிரெயினை அடைத்துக்கொண்டும் இருக்கலாம். முன்பக்கம் டிரெஸ்ஸிங் வெள்ளையாக இருக்கும், பிடரிப் பக்கம் தலையணை நனைந்திருக்கும். நிலைமை முற்றினால் ஓ.டி.க்கு (ஆபரேஷன் தியேட்டருக்கு) போகும்வரை காத்திருக்க நேரமிருக்காது, படுக்கையிலேயே தையலைப் பிரிக்க வேண்டிவரும். அதனால்தான் தையல் பிரிக்கும் டிரே கட்டிலருகிலேயே இருக்க வேண்டும் என்கிறோம்.

பெட் 12-க்கான ஓவரில் முதலில் வரவேண்டியது இதுதான். "கழுத்தைப் பாருங்க, குரலைக் கேளுங்க, பிடரிக்குக் கீழ கைவெச்சுப் பாருங்க, டிரே இங்க இருக்கு, சர்ஜன் நம்பர் இது." இதற்குப் பிறகு ஐ.வி., ஆன்டிபயாட்டிக் எல்லாம் சொல்லிக்கொள்ளலாம்.

மும்பையில் தமிழ், மலையாளம், மராத்தி, இந்தி எல்லாம் கலந்து ஒலிக்கும் ஒரு சர்ஜிகல் வார்டில் பல வருடமாக வேலை செய்கிறேன். 'ஓவர் கொடுத்தாச்சா, ஓவர் எடுத்தாச்சா' என்பது எங்களுக்கு அன்றாடப் பேச்சு. இந்த ஓவரைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். நடந்ததைச் சொல்வதில் நாம் எல்லோரும் கெட்டிக்காரர்கள். நடக்கப் போவதைச் சொல்லத்தான் பழக வேண்டும் என்பது என் எண்ணம். ஆபரேஷன் ஆன நோயாளிக்கு இது மிகவும் முக்கியம். அவர் உடம்பு மணிக்கு மணி மாறிக்கொண்டிருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவைசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. மொத்தம் 19 அம்சங்கள். டெல்லி உட்பட உலகின் 8 நகரங்களில் உள்ள மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்தார்கள். பெரிய ஆபரேஷன்களுக்குப் பின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததென்று 2009-ல் ஆய்வறிக்கை வந்தது. இன்று பெரிய மருத்துவமனை எதற்குப் போனாலும் ஓ.டி. சுவரில் அந்தப் பட்டியல் ஒட்டியிருக்கும். அதன் கடைசி வரியைப் பலரும் கவனிப்பதில்லை. நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன், சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் நர்ஸும் சேர்ந்து, இவர் தேறி வருவதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசிக்கொள்ள வேண்டும் என்கிறது அது.

அந்தப் பேச்சு பகல் 12 மணிக்கு ஓ.டி.யில் நடக்கிறது. அங்கிருந்து நோயாளி ரெக்கவரி ரூமுக்கு வருகிறார். மயக்கம் எவ்வளவு தெளிந்திருக்கிறது என்று அளக்கும் ஆல்ட்ரெட் ஸ்கோர் போட்டு, பத்துக்கு ஒன்பது வந்ததும் வார்டுக்கு அனுப்புகிறார்கள். 2 மணிக்கு ஒரு ஷிஃப்ட் மாறுகிறது, 8 மணிக்கு இன்னொன்று. ஓ.டி. நர்ஸ், ரெக்கவரி நர்ஸ், காலை ஷிஃப்ட், மதியம் ஷிஃப்ட் என்று கைமாறிக் கைமாறி, முதல் இரவு அவரைப் பார்த்துக்கொள்பவர் ஐந்தாவது ஆளாக இருப்பார். பகல் 12 மணிக்குச் சர்ஜன் சொன்ன கவலை அந்த ஐந்தாவது ஆளின் காதுக்கு எட்டுகிறதா? பல நாட்களில் எட்டுவதில்லை. எட்டுவதெல்லாம் ஆபரேஷன் பெயரும் மருந்துப் பட்டியலும்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது முதுகில் போடும் மார்ஃபின். இடுப்பு, மூட்டு, கர்ப்பப்பை ஆபரேஷன்களில் முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசியான ஸ்பைனலோடு மிகச் சிறிய அளவில் மார்ஃபினும் சேர்த்துப் போடுவதுண்டு. வலி கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்கக் கட்டுப்பட்டிருக்கும், நோயாளிக்குப் பெரிய நிம்மதி. ஆனால் அதே மார்ஃபின் பல மணி நேரம் கழித்து மூச்சை மந்தமாக்கக்கூடும். ஆபரேஷன் பகலில், ஆபத்து நடுராத்திரியில். அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்க வழிகாட்டுதல், முதல் 12 மணி நேரம் மணிக்கு ஒருமுறையும் அடுத்த 12 மணி நேரம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் மூச்சையும் தூக்க நிலையையும் பார்க்கச் சொல்கிறது.

மருந்து ஓ.டி.யில் போடப்பட்டது. வார்டின் மருந்துச் சார்ட்டில் அது இருக்காது, அனஸ்தீசியா ஷீட்டில் ஒரு மூலையில் இருக்கும். ஓவரில் யாரும் சொல்லவில்லை என்றால் இரவு சிஸ்டருக்கு அது தெரியவே வழியில்லை. நோயாளி அயர்ந்து தூங்குகிறார், குறட்டை கேட்கிறது, 'நல்லா தூங்கட்டும்' என்று விட்டுவிடுவார். இல்லையென்றால் வலி என்று முனகியதும் சார்ட்டில் உள்ள டிரமடாலை, அதுவும் மார்ஃபின் இனத்து வலி மருந்துதான், போடுவார். இரண்டுமே அன்பாலும் அக்கறையாலும் செய்கிற காரியங்கள், அந்த இரவில் இரண்டுமே ஆபத்து. ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தால் விரலில் மாட்டிய கருவி சாச்சுரேஷன் (ரத்த ஆக்ஸிஜன் அளவு) 98 என்று காட்டிக்கொண்டே இருக்கும், மூச்சு நிமிடத்துக்கு எட்டாகக் குறைந்திருக்கும். மூச்சை ஒரு முழு நிமிடம் கண்ணால் பார்த்து எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் வார்டில் இப்போது முதுகில் மார்ஃபின் போட்டவர்களின் கேஸ் பேப்பர் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் போட்ட நேரத்தை எழுதுகிறோம். ரெக்கவரியிலிருந்து நோயாளியை வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதுவது வாங்குபவரின் வேலை.

பாராசிட்டமால் விஷயம் இதைவிடச் சாதாரணமாகத் தோன்றும். 1 கிராம் பாட்டில், ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை. 1.45-க்குப் போட்டுவிட்டு, எழுதுவதற்குள் ஷிஃப்ட் முடிந்து கிளம்பியாயிற்று. 2 மணிக்கு வந்தவர் 2 மணி மருந்து போடவில்லை என்று நினைத்து இன்னொரு பாட்டில் மாட்டுகிறார். 50 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம்தான் கணக்கு. நம் ஊரிலிருந்து வந்து தாராவியில் இருக்கும் எத்தனையோ அம்மாக்கள் 42, 43 கிலோதான் இருப்பார்கள். அவர்களுக்கு ஒரு முழு பாட்டிலே அதிகம்.

ஓவர் நர்ஸிங் கவுண்டரில் நடக்கக் கூடாது, கட்டிலருகே நடக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. டிரெயினையே எடுத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் நின்று "டிரெயின் அம்பது" என்றால் என்ன அர்த்தம்? ஆபரேஷன் முடிந்ததிலிருந்து 50-ஆ, மதியம் காலி செய்த பிறகு 50-ஆ? நாலு மணிக்குக் காலி செய்து 8 மணிக்குள் 50 புது ரத்தம் என்றால் கவலைப்பட வேண்டிய விஷயம். காலையிலிருந்து 50 வெளிறிய நீர் என்றால் நிம்மதி. அதோடு, ரோமோவாக் டிரெயினின் பெல்லோஸ், அதாவது சுருங்கி விரிந்து உறிஞ்சும் டப்பா, அமுங்கியிருக்கிறதா, காற்று புகுந்து விரிந்துகிடக்கிறதா என்பதை எந்தச் சார்ட்டும் சொல்லாது. விரிந்து கிடந்தால் அது உறிஞ்சவே இல்லை, எண்ணிக்கைக்கு அர்த்தமும் இல்லை. பணத்தை எண்ணாமல் வாங்கிக்கொண்டு போய் அப்புறம் குறைகிறது என்றால் கடைக்காரர் ஒத்துக்கொள்வாரா? டிரெயினும், சிறுநீர் சேரும் யூரோ பேகும் அப்படித்தான். இரண்டு பேரும் குனிந்து, சேர்ந்து பார்த்து, அளவைச் சொல்லி, அங்கேயே எழுத வேண்டும்.

இதில் மௌசிகளைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. மும்பை ஆஸ்பத்திரிகளில் ஆயாக்களை மௌசி என்றும் வார்டு பாய்களை மாமா என்றும்தான் கூப்பிடுவோம். யூரோ பேகைக் காலி செய்வது பெரும்பாலும் மௌசிதான். பேக் நிறைந்திருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் 7.40-க்குக் காலி செய்துவிடுவார். 8 மணிக்கு வருபவர் காலி பேகைப் பார்ப்பார். 60 கிலோ ஆளுக்கு மணிக்குக் குறைந்தது 30 மில்லி சிறுநீர் வர வேண்டும். வருகிறதா இல்லையா என்பது சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, உள்ளே ரத்தம் போகிறதா என்று முன்கூட்டியே சொல்லும் தகவல். அது கக்கூஸில் ஊற்றப்பட்டுவிட்டது. மௌசியைத் திட்டிப் பயனில்லை, அளவு ஏன் வேண்டும் என்று அவரை உட்கார வைத்துச் சொன்னால் நம்மைவிடக் கறாராக அளந்து வைப்பார். எங்கள் மௌசி ஒருவர் இப்போது அளக்காமல் யாரையும் பேகைத் தொடவிடுவதில்லை.

கட்டிலருகே ஓவர் கொடுப்பதில் இன்னொரு லாபம், நோயாளி அங்கே இருக்கிறார். தாராவியிலிருந்து வந்த திருநெல்வேலிப் பாட்டி ஒருவர், ஹெர்னியா ஆபரேஷன், ஸ்பைனலில் செய்தது. இரண்டு மலையாளி சிஸ்டர்கள் அவர் தலைமாட்டில் நின்று மலையாளத்தில் ஓவர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் யூரின் ட்யூபை எடுத்தாயிற்று, பாட்டி நடந்தார், சாப்பிட்டார். பாட்டிக்கு அரைகுறையாகப் புரிந்திருக்க வேண்டும். இடையில் புகுந்தார்: "எம்மா, ட்யூபு எடுத்ததுலேர்ந்து ஒண்ணுக்கே வரமாட்டேங்கு. அடிவயிறு கல்லு மாதிரி கெடக்கு." இரவு சிஸ்டர் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. எடுத்து எட்டு மணி நேரத்துக்கு மேல். ட்யூப் எடுத்த தகவல் ஓவரில் இருந்தது, அதற்குப் பிறகு சிறுநீர் போனாரா என்ற கேள்வி இல்லை. கவுண்டரில் நின்று பேசியிருந்தால் பாட்டிக்குக் குறுக்கிட வாய்ப்பே கிடைத்திருக்காது.

எல்லாவற்றையும் கட்டிலருகே சொல்லிவிடவும் முடியாது. எட்டு கட்டில் உள்ள அறையில், சொந்தக்காரர்கள் சுற்றி நிற்க, எச்.ஐ.வி. பாசிட்டிவ் என்றோ, பயாப்ஸியில் புற்றுநோய் வந்திருக்கிறது என்றோ சொல்லக் கூடாது. 2017-ம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டம் ஒருவரின் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளிப்படுத்தத் தடை விதிக்கிறது. இவற்றைக் கவுண்டரில் தாழ்ந்த குரலில், பேப்பரைக் காட்டிச் சொல்லிவிட்டுக் கட்டிலுக்குப் போக வேண்டும்.

இனி, நேரம். நான் சொல்வதை எல்லா நர்ஸும் ஒப்புக்கொள்வார்கள், "ஆனா எங்க அக்கா டைம்?" என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காலை 8 முதல் 2, 2 முதல் 8, இரவு 8 முதல் காலை 8. இந்த அட்டவணையில் ஓவருக்கு என்று ஒரு நிமிடம்கூட இல்லை. வருபவர் 8-க்குப் பஞ்ச் அடிக்கிறார், போகிறவரின் சம்பளம் 8-க்கு நிற்கிறது. ஓவர் முழுக்க போகிறவர் தன் சொந்த நேரத்தில் செய்யும் தானமாகிவிடுகிறது. கல்யாண், டோம்பிவிலி, பன்வேல் என்று தூரத்தில் இருக்கிறவர்கள். இந்த லோக்கல் ரயிலை விட்டால் அடுத்ததில் கூட்டம் ஏற முடியாது, வீட்டில் குழந்தை பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் இருக்கிறது. அவர் பத்து நிமிடத்தில் ஓவரை முடித்துவிட்டு ஓடுவதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

மழைக்காலம் இன்னும் மோசம். சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர் ஏறினால் ரயில் நின்றுவிடும். இரவு சிஸ்டர் நனைந்து 9.30-க்கு வந்து சேருகிறார், பகல் சிஸ்டர் ஏழரை மணி நேரமாக நிற்கிறார். இருவருக்கும் வாய் குழறுகிற அந்த நேரத்தில்தான் காலையில் ஆபரேஷன் ஆன நான்கு பேரை ஒப்படைக்க வேண்டியிருக்கிறது. 2005 ஜூலை 26-ல் சான்டாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தபோது, மாற்று ஆள் வர வழியில்லாமல் மறுநாள் வரை வார்டிலேயே நின்றவர்களை எனக்குத் தெரியும். அந்த மாதிரி நாட்களில் பேச்சை மட்டும் நம்ப முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் எதைக் கவனிப்பது என்ற ஒரு வரி கேஸ் பேப்பரில் முன்பே எழுதியிருந்தால், யார் எத்தனை மணிக்கு வந்தாலும் கைகொடுக்கும்.

எத்தனை நிமிடம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் 9 மருத்துவமனைகளில், குழந்தைகள் பிரிவுப் பயிற்சி மருத்துவர்களிடையே ஐ-பாஸ் என்ற ஒப்படைப்பு முறையைக் கொண்டுவந்து ஆராய்ந்தார்கள். முடிவு 2014-ல் வெளிவந்தது. மருத்துவத் தவறுகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்தன. ஒரு நோயாளிக்குச் செலவான நேரம் சுமார் இரண்டரை நிமிடம், முன்பு இருந்ததற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. டாக்டர்களிடம் செய்த ஆய்வுதான், ஆனாலும் அந்த நிமிடக் கணக்கை எங்கள் வார்டுக்கு வைத்துப் பார்க்கிறேன். 12 நோயாளிகள் என்றால் 30 நிமிடம். ஆக, நிர்வாகம் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: ஷிஃப்டுகள் அரை மணி நேரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரட்டும், அந்த அரை மணிக்கும் சம்பளம் கொடுக்கட்டும். புதுப் படிவம் அச்சடிப்பதைவிட இதற்குச் செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் இதைச் செய்யாமல் எத்தனை படிவம் கொடுத்தாலும், எட்டேகால் லோக்கலைப் பிடிக்கும் அவசரத்தில் டிக் அடித்துக்கொண்டே போவார்கள்.

ஐ-பாஸில் எனக்குப் பிடித்தது இரண்டு அம்சம். 'இப்படி ஆனால் இதைச் செய்' என்று முன்கூட்டிச் சொல்லும் கட்டம் ஒன்று. வாங்கிக்கொண்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும் கடைசிக் கட்டம் இன்னொன்று. நம் ஊரில் பல இடங்களில் சொல்லிக்கொடுக்கும் எஸ்பார் முறையை (நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்று வரிசையாகச் சொல்வது) நான் குறைத்துப் பேசவில்லை. நடுராத்திரி டியூட்டி ஜூனியர் டாக்டரான ஹவுஸ்மேனை எழுப்பி நிலைமையைச் சொல்ல அதைவிட நல்ல வழி கிடையாது. ஷிஃப்ட் ஓவருக்கு மட்டும் அது போதவில்லை என்பது என் அனுபவம்.

ரெக்கவரியிலிருந்து நோயாளி வரும் அந்த நேரத்துக்கு வேறொரு பாடம் இருக்கிறது. லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய ஆபரேஷன் முடிந்து ஐ.சி.யூ.வுக்குக் குழந்தையைக் கொண்டுவரும் முறையை ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயக் குழுக்களிடம் கேட்டு மாற்றி அமைத்தார்கள். 2007-ல் வந்த அந்த ஆய்வின்படி, ஒரு ஒப்படைப்பில் விடுபடும் தகவல்கள் சராசரி 2.09-லிருந்து 1.07 ஆகின. எங்களுக்கு அங்கிருந்து எடுத்துக்கொள்ள எளிதான ஒன்று, முதலில் குழாய்களையும் மானிட்டரையும் மாட்டி முடிப்பது, பிறகு பேசுவது. ட்ராலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றிக்கொண்டிருக்கும்போது, ஐ.வி. ஸ்டாண்டை ஒரு கையில் பிடித்தபடி கேட்ட எதுவும் மனதில் நிற்காது.

திருப்பிச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. மிசோரத்திலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுப் பெண், பதினைந்து வருட அனுபவமுள்ள சேச்சியிடம் ஓவர் எடுக்கிறாள். சந்தேகம் இருக்கிறது, கேட்கவில்லை. கேட்டால் 'இதுகூடத் தெரியாதா' என்ற பார்வை வரும். அந்தப் பார்வை எத்தனை ஆபத்தானது என்று எங்களைப் போன்ற மூத்தவர்கள் உணர வேண்டும். வலி மருந்து செலுத்த முதுகில் வைக்கும் மெல்லிய குழாயான எபிடியூரல் கதீட்டர் உள்ள நோயாளிக்கு ரத்தம் உறையாமலிருக்கப் போடும் எனாக்ஸபாரின் ஊசி எப்போது போட்டது என்று அவள் கேட்டே ஆக வேண்டும். தினம் ஒருமுறை போடும் அந்த 40 மில்லிகிராம் ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம் கழித்துத்தான் கதீட்டரை எடுக்கலாம், எடுத்து 4 மணி நேரம் கழித்துத்தான் அடுத்த ஊசி. அவசரப்பட்டால் முதுகுத்தண்டில் ரத்தம் கட்டி, கால்கள் விளங்காமல் போகலாம். எங்கள் வார்டில் இப்போது ஓவர் கொடுப்பவர்தான் முதலில் கேட்கிறார்: "இந்த நாலு பேர்ல யாரை முதல்ல போய்ப் பாப்ப? ஏன்?" பதில் சரியாக வந்தால் ஓவர் போய்ச் சேர்ந்தது. வரவில்லை என்றால் இன்னொரு முறை சொல்கிறார். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை, சின்னவளுக்கு அக்காக்களைப் பார்த்த பயமும் போய்விடுகிறது.

இதைப் படிக்கிற பலர் நர்ஸாக இருக்க மாட்டீர்கள். ஆனால் அம்மாவையோ அப்பாவையோ சேர்த்துவிட்டு அந்தக் கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் வார்டில் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு மாறுகிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வாங்கவோ போன் பேசவோ அந்த நேரத்தில் வெளியே போகாதீர்கள். இரண்டு சிஸ்டர்களும் கட்டிலுக்கு வரும்போது, பகலில் நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: கடைசியாக எப்போது சிறுநீர் போனார், வலி மருந்து எத்தனை மணிக்குப் போட்டார்கள், மதியத்தைவிட இப்போது என்ன வித்தியாசம். பிறகு புதிதாக வந்தவரிடம் "இன்னைக்கு ராத்திரி நாங்க எதைப் பாத்துக்கணும் சிஸ்டர்? எது வந்தா உங்களைக் கூப்பிடணும்?" என்று கேளுங்கள். அவர்கள் கட்டிலுக்கு வரவே இல்லையென்றால் எழுந்து கவுண்டருக்குப் போய், பகல் சிஸ்டர் கிளம்புவதற்கு முன் கேளுங்கள்.